உன் கில்ட்டுக்கு நான் சொன்ன கட்டம்

மகனே, இந்தக் காகிதத்தை நின்றபடி படிக்காதே. வேலைக்குப் போகிற அவசரத்தில் ஒரு கண்ணால் மேய்ந்துவிட்டு மூடியும் வைக்காதே. உட்கார். பியோனா பக்கத்தில் இருந்தால் அவளையும் உட்காரச் சொல். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நாலு நாளாக உட்கார்ந்து எழுதியது இது. கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். போனில் உன்னிடம் மூன்று முறை சொல்லிப் பார்த்தேன். அந்தத் துணி வேண்டாம் என்றேன், சிரித்தாய். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்றேன், "நீ எப்ப நைனா அம்மாவ கேட்டு ஒரு வேல செஞ்ச?" என்றாய். மூன்றாவது முறை தறியில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிடு என்றேன். நீ அதை இங்கிலீஷில் பியோனாவுக்குச் சொன்னாய், அவளும் சிரித்தாள், அவளுக்குப் பின்னால் யாரோ சிரிக்கும் சத்தமும் கேட்டது. நானும் சிரித்துத் தொலைத்தேன். வேறு என்ன செய்வது?

உன் மேல் தப்பில்லை. நீ திருச்சிக்கு வெல்டிங் படிக்கப் போனபோது, பையன் எங்கே என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரனிடம் ஜெயிலில் இருக்கிறான் என்று சொன்னவன் நான். போன வருஷம் உனக்கும் பியோனாவுக்கும் பேசி முடிக்கும்போது, எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பனுக்குப் பெண்ணின் அப்பன் கறவை மாடு ஒன்று தர வேண்டும் என்று உன் வருங்கால மாமனார் இயனிடம் சொன்னதும் நான்தான். அந்த மனுஷன் மூன்றாம் நாள் கண்ணை மறைக்கிற முடியோடு ஒரு மாட்டின் போட்டோவை அனுப்பி, இது போதுமா, கப்பலில் அனுப்ப என்ன காகிதம் வேண்டும் என்று கேட்டார். அப்படிப்பட்ட அப்பன் ஒரு நாள் நிஜமாகவே ஒன்று சொன்னால் எவன் நம்புவான்? அதனால்தான் எழுத்தில் எழுதுகிறேன். எழுத்துக்குக் குரல் கிடையாது. நான் இளிக்கிறேனா என்று நீ சந்தேகப்பட முடியாது.

கதை எங்கே ஆரம்பித்தது என்று உனக்கே தெரியும், ஆனாலும் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன், பியோனாவும் கேட்கட்டும். கல்யாணத்துக்கு நீ கில்ட் கட்டப் போகிறாய் என்றாய். போட்டோ காட்டினாய். கம்பளிப் பாவாடையாடா என்றேன். உள்ளே ஒன்றும் போடக் கூடாதாம் என்று நீ வெட்கப்பட்டுச் சொன்னாய். அம்பது வருஷமாகக் கைலி கட்டுகிறவனிடம் இதை ஒரு ரகசியம் போலச் சொல்கிறானே என்று உன் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். பிறகு இயன் போனில் வந்தார். அவர்கள் ஊரில் ஒவ்வொரு பங்காளிக் கூட்டத்துக்கும் ஒரு கட்டம் உண்டு, அதற்கு டார்ட்டன் என்று பேர், மலைமேல் ஒருவன் தூரத்தில் வரும்போதே துணியைப் பார்த்து அவன் யாருடைய ஆள் என்று சொல்லிவிடலாம் என்றார். நீ அதைத் தமிழில் சொன்னாய். நான் தலையை ஆட்டினேன். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

உங்களுக்கென்று ஒரு கட்டம் இல்லையென்றால் புதிதாகவே ஒன்று நெய்துகொள்ளலாம், பையனின் அப்பாவே சொல்லட்டும், நெய்கிற செலவு என் சீர் என்றார் இயன். நீ லேப்டாப்பில் கலர்களை வரிசையாகக் காட்டினாய். முதலில் மஞ்சளும் கறுப்பும் என்றேன், ரோலிங் மில்லில் பள்ளம் தோண்டினால் சுற்றிக் கட்டுவோமே, அந்த நாடா மாதிரி. நீ கோபித்துக்கொண்டாய். "ஒரு நாளு ஒழுங்கா பேசு நைனா, அவங்க ஊட்டு சனம்லாம் உக்காந்துக்கினு இருக்குது" என்றாய். சரியென்று கண்ணை மூடினேன். மூடினதும் வந்துவிட்டது. கரும்பச்சைத் தரை. அதில் அரக்கு நிறத்தில் இரட்டைக் கோடு. இரண்டுக்கும் நடுவில் ஒல்லியாக ஒரு மஞ்சள். நீ ஆச்சரியப்பட்டு எப்படி இவ்வளவு சீக்கிரம் சொல்கிறாய் என்று கேட்டாய். நம் பரம்பரைக் கட்டமடா என்று மார்தட்டினேன். இயன் ரொம்ப நேரம் திரையைப் பார்த்தார். இது யாரோ உட்கார்ந்து யோசித்த துணி மாதிரி இல்லை, நிஜமாகவே ஒரு குடும்பம் கட்டிப் பழகிய துணி மாதிரி இருக்கிறது என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு கூட இறங்கவில்லை, அவ்வளவு பெருமை.

போன செவ்வாய்க்கிழமை கூரியர்காரன் கவர் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே ஒரு கை அகலத்துக்குத் துணி, நாங்கள் பார்த்துவிட்டுச் சரி சொல்ல வேண்டும் என்று. சரி என்றால் வருகிற திங்கட்கிழமை தறியில் ஏற்றிவிடுவார்கள் என்று நீ எழுதியிருந்தாய். உன் அம்மா அடுப்படியில் இருந்தாள். அவள் இந்த ஒரு மாசமாகத் தலையணைக்கு ஊக்கு குத்திப் பழகிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியாது. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுத் துணியை மாமியார் கையால் மருமகள் தோளில் போட்டு ஊக்கு குத்த வேண்டும், அப்போதுதான் அவள் நம் வீட்டுப் பெண் என்று நீ சொன்னாயே, அதிலிருந்து. வெள்ளைக்காரப் பெண்ணுக்குத் தோலில் குத்திவிட்டால் என்ன செய்வது என்று அவளுக்கு ஒரே பயம். கையைத் துடைத்துக்கொண்டு ஆசையாக வந்தாள். துணியை வாங்கினாள். வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள்.

"யோவ், இது பெரியூட்டு கைலியாச்சே" என்றாள். "இத யாரு அந்த ஊருக்கு அனுப்பனது?"

அவள் துணியை டிவி மேல் வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள்.

பெரிய வீடு என்றால் என்ன என்று நீ கேட்பாய். உனக்கு நான் சொன்னதே இல்லை. திருப்பாச்சூருக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரில் முக்கால்வாசி நிலம் அந்த ஒரு வீட்டுக்காரர்களுடையது. எங்கள் தெருவில் இருந்த அத்தனை ஆம்பளையும் அந்த வீட்டுப் பண்ணையாள். என் அப்பா, உன் அம்மாவின் அப்பா, எல்லாரும். வருஷம் ஒருதரம் பொங்கலுக்கு ஆளுக்கு ஒரு கைலி கொடுப்பார்கள். ஆர்.கே.பேட்டையில் தறிக்காரரிடம் சொல்லி ஒரே கட்டத்தில் மொத்தமாக நெய்து வரும். கரும்பச்சை, இரட்டை அரக்கு, நடுவில் மஞ்சள். கடையில் அந்தக் கட்டம் கிடைக்காது. வேறு யாரும் கட்ட மாட்டார்கள். சந்தையில் நின்றாலும், கள்ளுக்கடையில் நின்றாலும், அடுத்தவன் வயலில் ஒரு நாள் கூலிக்குக் குனிந்தாலும், இவன் பெரிய வீட்டு ஆள் என்று பார்த்தவுடன் தெரியும். தெரிய வேண்டும் என்றுதான் கொடுத்தது. இயன் மலையைப் பற்றிச் சொன்னாரே, அதே கணக்குத்தான். அவர்கள் ஊரில் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் அப்பா ஒருதரம் ஓடிப் போனார். எனக்கு அப்போது ஒன்பது வயசிருக்கும். மெட்ராசில் கப்பல் மூட்டை தூக்கப் போகிறேன் என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுத் திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார். டிக்கெட் கூட எடுத்துவிட்டார். மாற்றிக் கட்ட வேறு துணி இல்லாததால் இடுப்பில் அந்தக் கைலி. பிளாட்பாரத்தில் ஒரு நெல் தரகன் பார்த்தான். அவனுக்கு என் அப்பாவின் முகமும் தெரியாது, பேரும் தெரியாது. "இன்னாடா, பெரியூட்டு ஆளு, இங்க இன்னா பண்ற?" என்று கேட்டிருக்கிறான். அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. அந்தக் கலை எனக்குத்தான் வந்தது. சாயந்திரம் நெல் வண்டியிலேயே திரும்பக் கொண்டுவந்து இறக்கினார்கள். அடிப்பார்கள் என்று நாங்கள் எல்லாரும் வாசலில் நின்று அழுதோம். யாரும் அடிக்கவில்லை. பெரிய வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, கைலி கிழிந்திருக்கிறதே என்று புதுசு ஒன்று எடுத்துக் கொடுத்தார். அதே கட்டம். அப்பா மறுநாள் காலையில் அதைக் கட்டிக்கொண்டு மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைக்கப் போனார். அப்புறம் அவர் ஓடவே இல்லை. செத்தபோதும் இடுப்பில் அதுதான் இருந்தது. அப்படியேதான் புதைத்தோம்.

நான் எப்படி வந்தேன் என்ற கதையை மட்டும் உனக்கு நூறு தரம் சொல்லியிருக்கிறேன். ஜரிகைக் கரை போட்ட வெள்ளை வேட்டியில் கும்மிடிப்பூண்டிக்கு வந்து இறங்கினேன் என்று. அது பொய்யில்லை. யார் வேட்டி என்பதை மட்டும் விட்டுவிட்டேன். பத்தொன்பது வயசில் ஒரு மத்தியானம், பெரிய வீட்டுக் கிணற்று மேட்டில் வேட்டி காய்ந்துகொண்டிருந்தது. சுற்றி ஆள் இல்லை. என் கைலியை அவிழ்த்து அங்கிருந்த கல்லின் மேல் நாலாக மடித்து வைத்துவிட்டு அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு நடந்தேன். மடித்து வைத்தது மரியாதைக்கு இல்லை, வந்து பார்ப்பவனுக்கு வயிறு எரியட்டும் என்று. பஸ்ஸில் கண்டக்டர், "உக்காருங்க நைனா" என்றார். ஒருத்தர் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். பஸ்ஸில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தரம். செங்குன்றத்தில் மாறி இங்கே வந்தால், மில் கேட்டில் காண்ட்ராக்ட்காரன் வேட்டியைப் பார்த்துவிட்டு, இங்கே மண் வாருகிற வேலைதான், உங்களுக்குச் சரிப்படாது என்று கும்பிட்டு அனுப்பப் பார்த்தான். நான் ஜரிகையை இடுப்பில் செருகிக்கொண்டு அவன் கையில் இருந்த மண்வெட்டியைப் பிடுங்கினேன்.

சிரித்தாயா? சிரி. ஆனால் அந்த வேட்டியை வைத்து நான் செய்த தப்பு இனிமேல்தான். உனக்கு ஏழு வயசிருக்கும்போது, தாத்தாவும் ஜரிகை வேட்டிதான் கட்டுவாரா என்று கேட்டாய். ஆமாம் என்றேன். அப்போது நிலம் இருந்ததா என்றாய். நாலு ஏக்கர் என்றேன். திருத்தணி போகிற வழியில் பஸ் ஜன்னலில் ஒரு வயலைக் காட்டி அது நம்முடையதுதான் என்றேன். இப்போது எங்கே என்றாய். உன் பெரியப்பா ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டார் என்று சொல்லிவிட்டேன். நீ பதினஞ்சு வயசில் அந்தப் பெரியப்பா மேல் கேஸ் போடப் போகிறேன் என்று வக்கீல் வீட்டுப் படியில் போய் நின்றாய். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். கோர்ட்டு நமக்கு வேண்டாம், விட்டுவிடு என்று பெரிய மனுஷன் மாதிரி உன்னைத் திரும்ப அழைத்து வந்தேன். மகனே, உனக்குப் பெரியப்பா கிடையாது. நான் ஒரே பிள்ளை. பிறக்காதவனை இருபது வருஷமாக நீ திட்டிக்கொண்டிருக்கிறாய், பாவம் அவன்.

இப்போது நான் எதில் மாட்டியிருக்கிறேன் என்று புரிகிறதா? துணிக்குச் சரி சொன்னால் உன் அம்மா கல்யாணத்துக்கு வர மாட்டாள். வேண்டாம் என்றால் ஏன் என்று இயன் கேட்பார். ஏன் என்று சொன்னால் நாலு ஏக்கரும் போகும், பெரியப்பாவும் போவார், ஜரிகையும் போகும். நாலு நாளாகப் புதுவாயல் வரை நடந்து போய் டீ குடித்துவிட்டு அதே வழியில் திரும்பி வருகிறேன். வீட்டுக்குள் வந்தால் டிவி மேல் அது இருக்கிறது. எடுத்துப் பெட்டிக்குள் வைக்கவும் கை வரவில்லை, தூக்கிப் போடவும் கை வரவில்லை. டிவி போட்டால் படத்தைப் பார்க்காமல் அதைப் பார்க்கிறேன். உன் அம்மா அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுகிறாள். கிண்டல் செய்து பார்த்தேன். என் கிண்டலுக்கு இந்த வீட்டில் முதல் முறையாக ஆள் இல்லை.

மூன்றாம் நாள் அவளை வழிமறித்து நின்றேன். எனக்கு அந்த வீட்டுக்காரர்கள் ஞாபகமே வரவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன். உங்கள் குடும்பத்துத் துணி எது என்று கேட்டதும் கண்ணை மூடினேன், மூடினால் என் அப்பாவின் முதுகும் இடுப்பும்தான் தெரிந்தது, அவருக்கு முன்னால் ஏர் மாடு போகிறது, அவர் இடுப்பில் இருந்த கலரைத்தான் நான் படித்துச் சொன்னேன். இது எங்கப்பன் கட்டினது, எனக்கு அவரிடமிருந்து வேறு என்ன இருக்கிறது, ஒரு போட்டோ கூட இல்லையே என்றேன்.

"கட்னது உங்கப்பன்" என்றாள். "கட்ட வெச்சது யாரு?"

பிறகு அவள் கதையைச் சொன்னாள். எனக்கே அது புதுசு. அவள் அப்பாவின் கைலி கிழிந்தால் அதை வெட்டி அவளுக்குப் பாவாடை தைப்பார்களாம். எட்டு வயசில் ஏரிக்கரையில் விளையாடிக்கொண்டிருந்தபோது பெரிய வீட்டு அம்மா வண்டியை நிறுத்தி, நம்ம ஆளோட பொண்ணுதான் என்று சொல்லி, வந்து தொழுவம் கூட்டு என்று கையோடு கூட்டிப் போய்விட்டாளாம். அவள் பள்ளிக்கூடம் அன்றோடு நின்றது. "என் மூஞ்சப் பாத்துக் கூப்புடலய்யா அந்தம்மா. பாவாடயப் பாத்துதான் கூப்ட்டா. அத எடுத்துக்கினு போயி, ஊரு உலகம் தாண்டி இருக்கிற ஒரு பொண்ணு தோள்ல என் கையால குத்தச் சொல்றியா?" அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன்.

மகனே, நான் கடிதம் எழுதினால் புத்தி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பாய். என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு அவமானம் தெரிய வேண்டாம் என்று நான் மூடினேன். மூடியதால் நீ அந்த அவமானத்தையே ஏழு மீட்டர் வாங்கி இடுப்பில் சுற்ற இருந்தாய், அதுவும் மேளம் வைத்து, பெருமையாக. நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்து தாத்தாவைப் பற்றிக் கேட்டால் அழகாகச் சொல்லத் தெரியவில்லையென்றால் அசிங்கமாகவே சொல். என்னைப் போல ஜோடித்துச் சொல்லாதே. இன்னொன்று, பியோனா உன்னிடம் சிரிக்காமல் ஏதாவது சொன்னால், நீ எத்தனை வேடிக்கைக்காரனாக இருந்தாலும் அந்த நேரத்துக்கு வாயை மூடிக்கொண்டு கேள். உன் அம்மாவோடு நாற்பது வருஷம் குடும்பம் நடத்திவிட்டு, அந்தப் பாவாடைக் கதையை நான் முந்தாநாள்தான் கேட்டேன். அவள் எப்போது வாய் திறந்தாலும் நான் முந்திக்கொண்டு ஒரு கிண்டல் அடித்திருப்பேன் போல.

இதை இயனுக்கு வார்த்தை விடாமல் படித்துக் காட்டு. தாத்தாவுக்கு நிலம் இருந்தது என்று அவரிடம் நீ சொன்னதை நான்தான் உன்னைச் சொல்ல வைத்தேன், அதையும் சொல். அவர் வருத்தப்படுவார் என்று பயமாகத்தான் இருக்கிறது. நூலுக்குச் சாயமெல்லாம் போட்டு வைத்திருப்பார்கள். மன்னிப்புக் கேட்டேன் என்று சொல். உனக்கு வேறு துணி நீயும் பியோனாவும் உட்கார்ந்து பாருங்கள். நான் இனிமேல் கலர் சொல்ல மாட்டேன். எதை எடுத்தாலும், இதை யார் யாருக்குக் கட்டி விட்டார்கள் என்று கடைக்காரனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடு. அவன் உன்னைப் பைத்தியம் என்று நினைப்பான், பரவாயில்லை.

இவ்வளவையும் இன்று காலையில் உன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். வேட்டி திருடிய இடத்தில் மட்டும் அவள் உதடு லேசாக ஆடியது. முடித்ததும் கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு, "நான் சொல்றத எழுது" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. தோள்ல ஒண்ணும் குத்த வாணாம். நான் வந்து அவ கையப் புடிச்சிக்கினு நிக்கிறேன். நம்மூட்டுப் பொண்ணுதான்னு சொல்ல அது போதும்."

சொல்லிவிட்டு எழுந்து போய்ப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கித் தரச் சொன்னாள். பாஸ்போர்ட் அதில்தான் இருக்கிறது. இறக்கிக் கொடுத்தேன். இந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து ஒவ்வொன்றாக உனக்கு அனுப்பப் போகிறேன், மொத்தம் பதினொன்று. ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் பண்ணு. எனக்குப் பேச வராமல் நடுவில் நான் எதையாவது சொல்லிச் சிரித்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். நான் சிரித்தாலும் நீ சிரிக்காதே. தறியில் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்பதை மட்டும் சொல், பிறகு போனை அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன்.